பக்கத்து இருக்கையில் ஐஸ்

இரவு பத்து மணி தாண்டியிருக்கும். நெப்ராஸ்காவில், இருபுறமும் சோளம் ஆளுயரம் நிற்கும் ஒற்றைச் சாலை. எதிரே ஒரு வண்டி இல்லை... மார்லிஸ் ஐஸ் மூட்டைகளோடு பந்தயத் தடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். நம் பட்டறை கிளெட்டஸின் சித்தி மகள் அவள். அவர் வாயால் கேட்டதுதான் இது. நெருப்புப் பக்கம் நெருங்கி உட்காருங்கள்.

அன்று இறுதிப் போட்டி; இரண்டே கார்கள் மோதும் நேர் ஓட்டம். ஓட்டப்போவது மார்லிஸ். பந்தயக் கார், அவள் தம்பி டுவைன் பாதி கட்டி விட்டுப்போனது. பக்கத்து இருக்கையைக் கழற்றிவிட்டு அங்கே ஓர் அலுமினியத் தொட்டியைப் பொருத்தியிருந்தார்கள். எஞ்சினுக்குள் டர்போ அழுத்தித் தள்ளும் காற்று கொதிக்கும். தொட்டியிலிருந்து சுற்றி ஓடும் ஐஸ் தண்ணீர்தான் அதைக் குளிர்விக்கும். இல்லாவிட்டால் எஞ்சின் சிதறிவிடும்.

சாயங்காலத்திலிருந்து இரண்டு முறை நிரப்பியாயிற்று. இரண்டு முறையும் காலி.

கிளெட்டஸ் காருக்கு அடியில் படுத்துக் குழாய்களைத் தடவிப் பார்த்தார். சொட்டு ஈரமில்லை.

"எங்கேடி போகுது? நீ குடிக்கிறியா?"

"ஆமாண்ணே, நீ பீர் குடிக்கிற மாதிரி."

மறுபடி நிரப்பினார்கள். பம்பை ஓடவிட்டு, காற்றுக் குமிழ் போகும்வரை குழாயைப் பிசைந்தார்கள். பந்தய வரிசையில் நின்றபோதுதான் கேட்டது.

கறுக்... கறுக்...

மூடிய தொட்டிக்குள் யாரோ ஐஸைக் கடித்து மெல்லும் சத்தம். கூடவே, தீப்புண் களிம்பின் வாடை.

அந்த வாடை மார்லிஸுக்குத் தெரியும். அதற்கு முந்தைய கோடையில், வேறொரு பந்தயக் கார் தீப்பிடித்ததில் எரிந்தவன் டுவைன். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். வாய்வழியாக எதுவும் கூடாது என்றுவிட்டார்கள் டாக்டர்கள்.

"ஒரே ஒரு துண்டு ஐஸ் குடுக்கா... நாக்கு ஒட்டுது."

"நாளைக்குத் தரேன்டா கண்ணா."

மறுநாள் அவன் இல்லை.

தடத்து ஆள் முன்னால் வரச் சொல்லிக் கை காட்டினார். மார்லிஸ் ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"அண்ணே, மிச்ச மூட்டையெல்லாம் எடுத்துட்டு வா."

"பைத்தியமாடி? ஃபைனல்! இதுக்குத்தானே அவன் உயிரை விட்டான்!"

"விட்டுட்டான்ல. இப்ப அவனுக்குத் தாகமா இருக்கு."

எதிராளி தனியாக ஓடி ஜெயித்தான். காரை ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு, ராத்திரி முழுக்க அவள் கை கையாக அள்ளிப் போட்டாள். ஒவ்வொரு தடவையும்... கறுக். விடியும் நேரம் கடைசி மூட்டையும் தீர்ந்தது.

"தீர்ந்துபோச்சுடா..." அவள் சொன்னது கிளெட்டஸுக்குக் கேட்டது. சத்தம் நின்றுவிட்டது.

வெயில் நன்றாக ஏறியபின் அவர் போய்ப் பார்த்தார். ஸ்டியரிங்கில் தலை சாய்த்து மார்லிஸ் தூங்கிக்கொண்டிருந்தாள். தொட்டிக்குள் பொட்டு ஈரமில்லை. அவளுடைய மூடிய கையை மெல்லப் பிரித்தார்.

உள்ளே ஒரு துண்டு ஐஸ். கரையவே இல்லை. ஓரத்தில் கடித்த பல் தடம் அப்படியே இருந்தது.