பதினாலாம் ஃபாரம்

— மனுஷ குலம் உருப்படாமப் போனதுக்குக் காரணம் ஒண்ணே ஒண்ணுதான். போர் இல்ல, பஞ்சம் இல்ல. நாவல். எழுதி வச்சுக்கோ.

— எங்க எழுதி வச்சுக்கறது அண்ணா? சுவத்துலயா?

— வேலை நேரத்துல அண்ணன் கிடையாது. சூப்பர்வைசர்.

— சரிங்க சூப்பர்வைசர். நாம ரெண்டு பேரும் பொழப்பு நடத்தறதே ஒரு பைண்டிங்லதான். அது ஞாபகம் இருக்குங்களா?

— மடிக்கலாம். தைக்கலாம். ஒட்டலாம். படிக்கக் கூடாது. பதினெட்டு வருஷம், இந்தக் கை வழியா லட்சம் புத்தகம் போயிருக்கு. ஒரு வரி படிச்சதில்ல. சவப்பெட்டி செய்யறவன் உள்ள படுத்தா பாக்கறான்?

— அருமை. போர்டுல எழுதி வாசல்ல மாட்டு, ஆளுங்க கூட்டமா வேலைக்கு வருவாங்க.

— சிரிக்காதே வாலு. நாலு மணிக்கு முதலாளி போன் பண்ணுவார். அந்த நிலா நாவலோட சாம்பிள் காப்பி பதிப்பகத்துக்குப் போச்சு. அதுல ஒரு பக்கத்து ஓரத்துல யாரோ பென்சில்ல கிறுக்கியிருக்காங்களாம். யாருன்னு பேர் கேக்கறார். இன்னிக்கே வேலையை விட்டுத் தூக்கணுமாம்.

— இப்ப மணி என்ன?

— மூணே முக்கால்.

— நீ முதல்ல உக்காரேன். இந்த ரூமே ஆறடி. அதுக்குள்ள என்ன நடை, கூண்டுல அடைச்ச மாதிரி.

— பேச்சை மாத்தாதே. கிறுக்கினது யாருன்னு தெரியுமா?

— தெரியும். நான்தான்.

— நீயா?

— கத்தி வெட்டிடும்னு நம்பினேன் அண்ணா. தைச்சதும் கட்டிங் மெஷின் ஓரத்தைச் சீவிடும் இல்ல? அந்தச் சீவல்ல போற இடத்துலதான் எப்பவும் எழுதுவேன். இந்தத் தடவை அளவை மாத்தித் தொலைச்சிருக்காங்க போல.

— எப்பவுமா!

— சும்மா மடிக்க முடியல, என்ன பண்ண? நீ கேளேன், கேட்டா நீயே சொல்லுவே. நிலாவுல ஒரு சுரங்கம். சுவாசிக்கிற காத்துக்கே ரேஷன். பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு ஜனங்க எதிர்த்துக் கிளம்பிட்டாங்க. காவல்படைக் கேப்டனோட தங்கச்சி அவங்க பக்கம். அண்ணன் இந்தப் பக்கம். ஒரே ஓட்டம் அண்ணா, மடிக்கிற என் கையே வேகமாயிடுச்சு, நீகூட பாராட்டினியே!

— பசி வந்து வேகமா மடிக்கறேன்னு நினைச்சேன்.

— பதிமூணாம் ஃபாரம் முடியறப்ப மேலேர்ந்து உத்தரவு வருது, காத்துக் கதவை மூடுன்னு. கதவுக்கு அந்தப் பக்கம் நூத்தி நாப்பது பேர். தங்கச்சியும் இருக்கா. ஏழு நிமிஷம். கேப்டன் கை லிவர் மேல. அவ்வளவுதான், ஒரு ஃபாரத்துக்குண்டான பதினாறு பக்கம் முடிஞ்சுபோச்சு!

— அடுத்த ஃபாரத்தை எடுக்க வேண்டியதுதானே.

— எங்க டேபிளுக்கு ஒத்தைப்படை, ஜன்னல் பக்க டேபிளுக்கு இரட்டைப்படைன்னு பிரிச்சு விட்ட மகாராஜன் நீதானே? மூணு, அஞ்சு, ஏழுன்னுதான் என் கைக்கு வருது. நான் பாதி நாவலைத்தான் காதலிக்கறேன். மூணு நாளா தூக்கமில்ல. பதினஞ்சுல பாத்தா கேப்டன் கையில விலங்கு, ஆளாளுக்குத் துரோகிங்கறாங்க. எந்தப் பக்கத்துக்குத் துரோகின்னு ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கறான். மூடிட்டான், அதான். வயிறு எரிஞ்சு, பதிமூணைத் திரும்ப எடுத்து அந்தக் கடைசிப் பக்க ஓரத்துல 'அடப்பாவி'ன்னு எழுதிட்டேன்.

— 'அடப்பாவி'யா?

— ஆச்சரியக்குறியோட.

— அது மட்டும்தானா?

— பின்ன, ஓரத்துல கட்டுரையா எழுதுவாங்க?

— சரி. இந்தப் பேப்பர்ல உன் பேரை எழுதிக்கறேன். முழுப் பேர்.

— எழுதிக்கோ. அடுத்த வாரம் உனக்கு மேனேஜர் சீட். தங்கச்சின்னு பாத்தா அது போயிடும். எனக்குப் புரியாதா? நான் வேற இடம் தேடிக்கறேன். ஏன், முதல் எழுத்துக்கே இவ்வளவு நேரம்?

— பேனா சரியில்ல.

— போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உன் பீரோவுல எல்லா ஃபாரத்துக்கும் ஒரு காப்பி இருக்குமே. பதினாலை மட்டும் குடு. இங்கயே நின்னு படிச்சுட்டுத் தந்துடறேன்.

— இல்லாத சுரங்கம், அதுல இல்லாத கதவு. அதுக்காக இருக்கற வேலையை விட்டவ நீ ஒருத்திதான்.

— வேலை போகட்டும். கூடப் பொறந்தவ மூச்சை நிறுத்தினானே அந்த ஆளு, அவனை நினைச்சா...

— நிறுத்தல.

— என்னது?

— அவன் மூடலைங்கறேன். எல்லாரும் பாக்க லிவரை இழுத்தான். ஆனா அதுக்கு முன்னாடியே ஒயரைக் கழட்டிட்டான். கதவு அசையவே இல்ல. கண்டுபிடிச்சா உயிர் போகும்னு தெரிஞ்சேதான் செஞ்சான். விஷயம் தெரியாம ஒரு மனுஷனைப் பாவி கீவிங்காதே.

— அண்ணா.

— சூப்பர்வைசர்.

— அண்ணா, நீ சொல்றது பதினாலாம் ஃபாரம்.

— லாஜிக்கா யோசிச்சேன்.

— ஒயரைக் கழட்டினதுமா லாஜிக்?

— போன் அடிக்குது. நீ வெளிய போ.

— போக மாட்டேன். என் பேரைச் சொல்றப்ப உன் மூஞ்சியைப் பாக்கணும்.

— வணக்கம் சார். ஆமா சார். கண்டுபிடிச்சுட்டேன். பேரை எழுதிக் கையிலயே வச்சிருக்கேன் சார்.

— சொல்லுண்ணா. சட்டுனு சொல்லி முடி.

— ஆமா சார், இருநூத்திப் பதினாலாம் பக்கம். தையல் பக்க ஓரம், கத்தி படாத இடம்.

— இருநூத்திப் பதினாலா? நான் எழுதினது இருநூத்தி எட்டுல! பதிமூணோட கடைசிப் பக்கம். அப்ப என்னோடதைக் கத்தி வெட்டிடுச்சு. அண்ணா, இருநூத்திப் பதினாலு என் டேபிளுக்கே வராது. அப்ப அதை எழுதினது யாரு?

— இல்ல சார், மடிக்கற பொண்ணுங்க யாரும் இல்ல. அந்தச் சத்தமா? ஒண்ணுமில்ல சார், பேப்பரைக் கிழிச்சேன். நீங்க படிச்சுக் காட்ட வேண்டாம் சார், என்ன எழுதியிருக்குன்னு எனக்கே தெரியும். 'நானா இருந்தா எனக்கு இந்தத் தைரியம் வராது.' ஆமா சார். என் கையெழுத்துதான்.