குஞ்சுகளின் கழுத்து நூல்

சோப்பு குடுத்ததுக்கு ரொம்ப நன்றிங்க ஐயா. கை கழுவாம என்னால உக்காந்து பேச முடியாது. வீட்லயும் அப்படித்தான். "தேய்ச்சுத் தேய்ச்சு கையில தோலு மிச்சம் இருக்கா"ன்னு என் வீட்டுக்காரி கிண்டல் பண்ணுவா.

என் பொழப்பு அப்படி. குட்டி மீன்கொத்தின்னு ஒரு பறவை, மழைக்காட்டு ஓடைக்கரையில பொந்து போடும். அலகையும் சேத்து அளந்தாக்கூட என் கையளவு வராது. ஆரஞ்சு அலகு, கருநீல முதுகு, வயிறு மஞ்சள். பேருதான் மீன்கொத்தி, குஞ்சுக்குக் கொண்டு வர்றதெல்லாம் பல்லியும் சிலந்தியும்தான். அதைப் படம் எடுக்க எங்கெங்க இருந்தோ ஆளுங்க வருவாங்க. பச்சைத் துணியில மறைப்பு கட்டி அவங்களை உக்கார வைக்கிறது என் வேலை. படத்தைப் பாத்துட்டு உருகோ உருகுன்னு உருகுவாங்க. அந்தப் பொந்துல ஒருத்தனாவது மூக்கை வெச்சிருப்பானா? உள்ள எச்சம், புழு, அழுகின பல்லி வாலு. நாலு குஞ்சும் அதுலயேதான் புரளும். மூக்குல துண்டைக் கட்டிக்குவேன். ஆனாலும் தினம் கையை விட்டவன் நான்.

நூல் கட்டுறதை எனக்குச் சொல்லிக் குடுத்தவ அந்த ஆராய்ச்சிக்காரப் பொண்ணுதாங்க. என்னை அண்ணேன்னுதான் கூப்பிடுவா. பொந்துக்குப் பின்பக்கம் கை போற அளவுக்குக் குடைஞ்சு, ஒரு பலகைக்கல்லால மூடி வெச்சிருந்தா. குஞ்சு கழுத்துல மெல்லிசா நூலைச் சுத்துவா. மூச்சு விடலாம், முழுங்க முடியாது. தாய் தகப்பன் ஊட்டினது தொண்டையிலேயே நிக்கும். அதை இடுக்கியால எடுத்து, என்ன தின்னுதுன்னு எழுதிக்கிட்டு, அரை மணியில நூலை அவுத்துடுவா.

அவ ஊருக்குப் போயிருந்தப்ப நானே கட்டினேன். நான் அவுக்கல, அவ்வளவுதான். வயிறு நெறைஞ்ச குஞ்சு தூங்கிடும், தாயும் எங்கயோ போய் உக்காந்துக்கும். பசிச்ச குஞ்சு கத்திக்கிட்டே இருக்கும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அலகுல பல்லியோட வந்து நிக்கும் பறவை. மறைப்புக்குள்ள இருக்கறவங்களுக்கு வேற என்னங்க வேணும்? சாயங்காலம் தளர்த்தி விடுவேன், ரெண்டு வாய் உள்ள போகும். நான் ஒண்ணும் இரக்கமில்லாதவன் இல்ல.

பத்தாம் நாள் மத்தியானம் அவ திரும்பி வந்து கல்லைத் தூக்கிப் பாத்துட்டா. நூல் தோலுக்குள்ள எறங்கியிருந்துச்சு. ஒரு குஞ்சுக்குப் புண்ணுல புழு வெச்சிருந்துச்சு.

"அண்ணே, இது நீங்க பண்ண வேலையா?"

ஆமாம்னு சொன்னேன். நான் பொய் சொல்றவன் இல்லீங்க.

"ச்சீ"ன்னா. என் கை பட்ட தன் முழங்கையைப் பேன்ட்ல தொடைச்சுக்கிட்டா. இப்ப இழுத்தா தோலே பிஞ்சுடும், காலையில கத்தரியும் மருந்தும் கொண்டு வந்து அறுக்கறேன், நேரா வன அலுவலகம் போய்ச் சொல்லிடறேன்னு கிளம்பிட்டா. அலுவலகம்னதுக்கெல்லாம் நான் பயப்படல. அதே நாத்தத்துல கை வெச்சவ என்னைப் பாத்து மூஞ்சியைச் சுளிச்சாளே, அதுதான் எனக்குச் செரிக்கல.

பாம்பு தானா நுழைஞ்சிடுச்சுன்னு நேத்து இதே ஸ்டேஷன்ல உங்ககிட்ட சொன்னேன். பாம்பு இருந்த பொந்துல நாலு குஞ்சும் எப்படிய்யா உயிரோட இருக்குன்னு நீங்க கேட்டீங்க பாருங்க, அப்பவே புரிஞ்சுபோச்சு. இந்தத் தொழில் தெரியாதவர் கேட்ட ஒரே நல்ல கேள்வி அது.

மறுநாள் விடிஞ்சதும் நான் அவளுக்கு முன்னாடியே போயிட்டேன். குஞ்சுங்களை என் சாப்பாட்டு டப்பாவுல எடுத்து வெச்சேன். அந்த டப்பாவை அப்புறம் எத்தனை தடவை கழுவினேன்னு கேக்காதீங்க. மறைப்புக்குப் பின்னால மரக்கட்டைக்கு அடியில ஒரு விரியன் கெடக்கும். கவட்டைக் கம்பால தூக்கி உள்ள விட்டு, கல்லை மூடினேன்.

வழக்கமா நான்தான் டார்ச் அடிச்சுப் பாம்பு பாத்துச் சொல்றது. அவ வந்தா. முந்தின நாள் அவ்வளவு பேசினவ, என் மூஞ்சியைப் பாக்காமலேயே பழக்கதோஷத்துல கேட்டா:

"பாத்துட்டீங்களாண்ணே?"

"பாத்துட்டேம்மா."

முழங்கை வரைக்கும் விட்டா. ரெண்டு தடவை கடிச்சுது.

ஆளைக் கூப்பிட உடனே போகலையான்னு கேக்கறீங்க. போகலீங்க. முதல்ல பாம்பை எடுத்து விட்டேன். அப்புறம் குஞ்சுங்களைத் திருப்பி உள்ள வெச்சேன். அவளுக்கு அப்ப மூச்சு இருந்துச்சு. "அண்ணே, தண்ணி"ன்னா. ஆனா எதிர்க் கொம்புல பறவை ரெண்டும் இரையோட உக்காந்திருந்துச்சு. வாயில்லா ஜீவன், பசியில கெடக்கலாமா? அதையெல்லாம் முடிச்சுட்டு, ஓடையில கை கழுவிட்டு, ரோட்டுக்கு நடந்து போனேன். ஓடலை. ஈரப் பாறை, வழுக்கும்.

மனசுல பட்டதைச் சொல்லிட்டேன். நான் அந்தக் குஞ்சுங்களுக்காகத்தான் நின்னேன். வேற யாரு நின்னுருப்பா?

குஞ்சுங்க சாப்பிட்டுச்சான்னா கேக்கறீங்க? அதெப்படிங்க சாப்பிடும், கழுத்துல நூல் இருக்கே. மறுநாள் காலையில ஏழு பேரு படம் எடுக்க வர்றதா இருந்தாங்க.