ஒரு டின் எண்ணெய்

— கொஞ்சம் தள்ளி நில்லுங்க ஸால்ஹா அக்கா, வெளிச்சத்தை மறைக்கிறீங்க. மஹ்பூபா, நீ அந்த வலை மேல உக்காரு தங்கச்சி.

— அவ எதுக்கு உக்காரணும்? என் தம்பி ஃபர்ஜானியைக் கடல் தின்னு முப்பத்தெட்டு நாளாச்சு. அவன் பொண்டாட்டிக்கு உக்கார இடம் கேக்குதோ?

— நான் நின்னுக்கிறேன், ஜிலானி அண்ணே. நீங்க அவரு எஞ்சினைப் பாருங்க.

— இதுல பாக்குறதுக்கு என்ன இருக்கு? நீ மெக்கானிக், நீயே சொல்லு ஜிலானி. பெட்ரோல்ல எண்ணெய் கலக்காம விட்டா எஞ்சின் என்ன ஆகும்?

— பிஸ்டன் காஞ்சு உரசி இறுகிப்போயிடும்.

— போச்சுல்ல! நடுக்கடல்ல நின்னுச்சுல்ல! வடகாத்து அவனை ஜெர்பா தீவுக் கரை வரைக்கும் இழுத்துட்டுப் போச்சுல்ல! முந்தின நாள் சாயங்காலம் இவ அவன்கூடச் சண்டை போட்டது தெருவுக்கே கேட்டிருக்கு. அந்தக் கோபத்துல எண்ணெய் கலக்காம பெட்ரோல் கேனை வச்சுட்டுப் போய்ப் படுத்துட்டா.

— சண்டை போட்டேன் மதினி. இல்லைன்னு சொல்லலை. பொண்ணு ரீமோட கண்ணை டாக்டர்கிட்டக் காட்ட ஸ்ஃபாக்ஸ் டவுனுக்குப் போகணும்னு மூணு வாரமா சொன்னேன். நாளைக்கு ஆக்டோபஸ் பிடிக்கணும்னாரு. ஆனா கலந்தேன். அல்லா மேல ஆணையா கலந்தேன்.

— ஆணை வேற! நாளன்னிக்கு நாப்பதாம் நாள். ஓதி முடிச்ச கையோட பிள்ளைங்க ரெண்டும் என் வீட்டுக்கு வரும். நீ உங்கப்பா வீட்டுக்குக் கிளம்பு. எங்கண்ணன்மார் எல்லாரும் பேசியாச்சு.

— பிள்ளைங்களை மட்டும் எடுத்துடாதீங்க மதினி. உங்க வாசலைக் கூட்டிக்கிட்டுக் கெடக்கேன்.

— பொறுங்க, பொறுங்க. ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க. அக்கா, ஃபர்ஜானியைக் குளிப்பாட்டும்போது அவன் கையைப் பாத்தீங்களா?

— அதை ஏன்டா கேக்குறே பாவி. உள்ளங்கை ரெண்டும் கிழிஞ்சு கெடந்துச்சாம். குளிப்பாட்டுன அண்ணன்தான் சொல்லி அழுதான்.

— ஸ்டார்ட்டர் கயிறை இழுத்து இழுத்துத்தான் கிழிஞ்சிருக்கும். இப்ப இந்தக் கயிறைப் பிடிங்க. ம், இழுங்க.

— வருதே!

— வருதுல்ல? இறுகின எஞ்சின்னா ஒட்டகத்தைக் கட்டி இழுத்தாலும் வராது. எஞ்சின் சுத்தியிருக்கு அக்கா. தீதான் பத்தலை.

— அப்படின்னா?

— இந்த ப்ளக்கைப் பாருங்க, தீப்பொறி இதுலதான் வரணும். கரி பிடிச்சு, எண்ணெய் சொட்டுது. துடைக்கத் துடைக்க வருது.

— எனக்கு என்ன தெரியும் ப்ளக்கைப் பத்தி? இவளுக்காகப் பேசுறியா?

— சரி, ப்ளக் வேணாம். இந்த அட்டையைப் பாருங்க. முதல் சொட்டு வெறும் பெட்ரோல். ரெண்டாவது, என் படகுக்கு நான் கலந்தது, கேனுக்கு ஒரு தக்காளி டின் எண்ணெய். மூணாவது, ஃபர்ஜானி படகுல இருந்த கேன்ல மிச்சம் கெடந்தது. கொஞ்சம் காயட்டும்.

— முதல் சொட்டு போயிடுச்சு. இருந்த இடமே தெரியலை.

— ரெண்டாவது?

— மஞ்சளா ஒரு வட்டம் இருக்கு.

— மூணாவது?

— யா ரப்பி... அட்டையே ஊறிப்போச்சே ஜிலானி.

— எண்ணெய் இல்லாம இல்லை அக்கா. எண்ணெய் ஜாஸ்தி. மெதுவா ஓட்டிக்கிட்டு ஆக்டோபஸ் பிடிக்கப் போட்ட குடுவையெல்லாம் தூக்கியிருப்பான், அப்ப ப்ளக் நனைஞ்சு அணைஞ்சிருக்கு. மாத்து ப்ளக் கையில இல்லை. இழுத்து இழுத்து நின்னவன் எந்த அலையில தவறி விழுந்தானோ.

— அப்போ இவ கலந்திருக்கா.

— கலந்திருக்கா.

— முப்பத்தெட்டு நாளா இவளை நான் என்னென்ன சொன்னேன்... சாவுவீட்டுல, அத்தனை பேர் முன்னாடி... மஹ்பூபா, இங்க வாடி. கையைக் குடு. நான் பெத்தவ இல்லை, ஆனா அவனை நான்தான் சோறூட்டி வளர்த்தேன். வயிறு எரிஞ்சு பேசிட்டேன். மன்னிச்சிரு தாயி.

— அப்படியெல்லாம் சொல்லாதீங்க மதினி.

— பிள்ளைங்க உன்கிட்டயே இருக்கட்டும். அண்ணன்மார்கிட்ட நான் பேசிக்கிறேன். எவன் வாயைத் திறக்கிறான்னு பாப்போம்.

— ஒண்ணு மட்டும் எனக்கு இடிக்குது அக்கா. அட்டை ஊறுனதைப் பாத்தா இது மூணு டின் எண்ணெய். மஹ்பூபா, நீ எத்தனை ஊத்துனே?

— ஒண்ணு. எப்பவும் ஒண்ணுதான்.

— மிச்சம் ரெண்டு?

— அவன்தான் ஊத்தியிருப்பான். அவன் கை தாராளக் கை, தெரியாதா உனக்கு? அவன் கலந்தா துறைமுகமே புகைஞ்சு போகும். அதனாலதானே இந்த வேலையை இவ பாத்தா.

— அதான் கேக்குறேன். கலந்த கேன்ல எதுக்கு மறுபடி ஊத்துறான்? நம்ம தீவுல சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும், கேன் கைப்பிடியில துணி கட்டியிருந்தா கலந்தாச்சு. துணி இல்லைன்னா வெறும் பெட்ரோல், எண்ணெய் ஊத்தணும். துணியைப் பாத்தவன் ஊத்த மாட்டான்.

— இருட்டுல கிளம்புனவன், கவனிக்காம விட்டிருப்பான். விடு ஜிலானி. போனவனைக் குறை சொல்லி என்ன ஆகப்போகுது? வாம்மா, வீட்டுக்குப் போகலாம். பிள்ளைங்க பசியோட இருக்கும்.

— மதினி, என் கையை விடுங்க.

— ஏன்மா, என்னாச்சு?

— தங்கச்சி, வேணாம். அக்காகூட வீட்டுக்குப் போ.

— இல்லைண்ணே, சொல்லிடறேன். தினமும் நான் கட்டுன முடிச்சைத் தொட்டுப் பாத்துட்டு, ஜன்னலைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சுட்டுத்தான் போவாரு. அன்னிக்கு அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியிருக்கலை. கலந்தேன். துணியை மட்டும் கட்டாம வந்துட்டேன்.

— அல்லாவே...

— கோபத்துல கலக்காம விட்டுட்டேன்னு நினைச்சுட்டாரு, மதினி. உங்களை மாதிரியேதான் அவரும் நினைச்சிருக்காரு.