இரும்பு படாத காடு

தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் அவர்களே, மேடையிலுள்ள பஞ்சாயத்து உறுப்பினர்களே, பெரும்பாறைத் தோட்டத் தொழிலாளர்களே, மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் மாயன் அவர்களே, அவருடைய மக்களே! கைகூப்புகிறேன்.

நம் கிராம சேவக் திருமலைச்சாமி இறந்துவிட்டாராம்! யார் நம்புவது? திங்கட்கிழமை காலையில் இந்தக் கந்தவேலின், என் தோட்டத்துக்கு வந்து, நின்றபடியே காப்பி குடித்துவிட்டு, "சோலி கெடக்குண்ணே" என்று கிளம்பினார். அந்த டம்ளரைக் கழுவி வைப்பதற்குள் சேதி வந்துவிட்டது. மலைமக்களின் சாமி காட்டை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் காட்டுமாடு முட்டிவிட்டதாம். உண்ணிச்செடிப் புதருக்குள் நின்ற மாட்டை அவர் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்? அந்தப் புதருக்குள் யானை நின்றாலும் தெரியாதே!

எந்தச் செடியை ஒழிக்க வந்தாரோ, அதே செடி மறைத்ததால் அவர் போய்விட்டார். ஐயோ, இது என்ன கொடுமை!

அவர் முதலில் வந்தபோது நாம் சிரித்தோம். ஆடு கடிக்காது, பூவும் அழகு என்று நாமே வேலிக்கு நட்ட செடி அல்லவா? "பூச்செடியைப் பிடுங்கவா சர்க்கார் ஆள் அனுப்பியிருக்கு?" என்று கேட்டோம். அவர் கோபிக்கவில்லை. புதருக்கு அடியில் ஒரு கயிற்றைக் கட்டமாகப் போட்டார். "இதுக்குள்ள உங்க மாடு திங்க ஒரு புல்லு கெடக்கா? காட்டுங்க" என்றார். தேடினோம். ஒன்றுமில்லை. வேரோடு பிடுங்கிய சரிவில் மழைக்குப் பிறகு அதே கயிற்றைப் போட்டார். புல் இருந்தது! நெல்லிக் கன்று இருந்தது! அதன்பிறகு யார் சிரித்தோம்?

சரிவு சரிவாகப் பிடுங்கினோம், சாமி காடு மட்டும் மிச்சம். அனுமதி கேட்டுப் போனோம், மாயன் மறுத்தார். சர்க்கார் உத்தரவு வாங்கி உள்ளே போகலாம் என்றோம் நாங்கள். "அவங்க காடுண்ணே. அவங்க கூப்பிடுறப்பப் போவோம்" என்றார் திருமலைச்சாமி.

அந்த மனிதருக்கா இந்தச் சாவு? எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மாயன் மீதுதான் ஆத்திரம். சபையில் மறைக்க மாட்டேன். இன்று காலை அவரே என் வீட்டுக்கு வந்தார்.

"சாமி காட்டுல இரும்பு படக் கூடாதுங்க. அன்னைக்கு நீங்க எல்லாரும் இடுப்புல அருவாளோட வந்து நின்னீக. வெட்டத்தான் வாரீகன்னு வேண்டாம்னுட்டோம். கையால புடுங்குறதுன்னா நாங்க ஏனுங்க தடுக்கப் போறோம்?" என்று சொல்லி அழுதார்.

அரிவாள் இல்லாமல் பெரும்பாறையில் எவன் காட்டுக்குள் போவான்? இடுப்பில் இருப்பதே நமக்கு மறந்துபோகும். வெட்டினால் துளிர்க்கும், வேரோடு பிடுங்குங்கள் என்று தொண்டை வற்றக் கத்தியவர் அவர். அவர் பின்னால் அரிவாளோடு போய் நின்றவர்கள் நாம்!

முதல் மழையில் மண் இளகட்டும். மாயன் முன்னால் நடப்பார். மரக்கம்பால் நெம்புவோம், கையால் பிடுங்குவோம். அந்தப் பாதையில் எதிரே நிற்பது எதுவானாலும் இனி நம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இது அவர் மீது ஆணை!

திருமலைச்சாமியின் மனைவி தமயந்தி அம்மாள் சற்றுமுன் என்னிடம் கேட்டார்: "அவுக கயிறு வீட்டுல கெடக்குங்க. கொண்டாரவா?"

கொண்டு வாருங்கள் அம்மா. அவர் விழுந்த இடத்தில் அதைப் போடுவோம். அதற்குள் புல் முளைக்கும்வரை ஓய மாட்டோம்.

மற்ற எல்லோரும் வாருங்கள். அரிவாளை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.