மேலெல்லைக்கும் கீழெல்லைக்கும் நடுவே நின்றவருக்கு

மண்ணின் மனமறிந்த மாண்பே! எண்களை ஏய்க்கவிடாத ஏந்தலே! முப்பத்தோர் ஆண்டுகள் எங்கள் கட்டமைப்புக் கணிப்புக் கூடத்தின் கண்ணாய் விளங்கி, இன்று பணிநிறைவு காணும் பெருமதிப்பிற்குரிய அம்மையீர்! வணக்கம்.

எந்தச் சுமையில் ஒரு சுவர் சரியும், ஒரு நிலம் நழுவும் என்று கணினியில் தேடுவது உங்கள் தொழில். சரியக்கூடிய வழிகளை அலசி, இதற்குமேல் தாங்காது என்பது மேலெல்லை. உள்விசைகளைப் பரப்பிப் பார்த்து, இந்தச் சுமைவரை சரியாது என்பது கீழெல்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தோடு ஓயாமல் மல்லுக்கட்டியதால் "இடைவெளி அம்மா" என்றே பெயர் வாங்கினீர்கள்!

பதினோரு ஆண்டுகளுக்கு முன், மருத்துவமனையின் புதுக் கட்டடத்துக்கு "ஒவ்வோர் அடித்தளமும் நூற்றுநாற்பது டன் தாங்கும்" என்று கையொப்பமிட்டவர் நீங்களே. ஒவ்வொன்றின்மேலும் தூண் இறக்கவிருந்த சுமை நூற்றுப்பத்து. ஆனால் அந்த நூற்றுநாற்பது, அவசரத்தில் போட்ட மேலெல்லை மட்டும். குழி தோண்டத் தொடங்கிய வாரம் கீழெல்லையும் போட்டீர்கள், எண்பதுதான் வந்தது.

"விடுங்கம்மா, உண்மை நடுவுலதானே இருக்கும்?" என்றார் எங்கள் கூடத்தின் அன்றைய இயக்குநர்.

"நடுவுல எங்கன்னு தெரியலையே சார். தெரியாத இடத்துல நோயாளியைப் படுக்க வைக்கலாமா?"

யாரையும் துணைக்கு அழைக்காமல் மருத்துவமனைத் தலைவரிடம் போய், "நான் குடுத்த அறிக்கை போதாதுங்க. வேலையை நிறுத்துங்க" என்றீர்கள். கூடத்தின் மானம் போயிற்றென்று நாங்கள் உங்களோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. அம்மையீர், அந்தக் குற்றத்தை இந்த மேடையில் ஒப்புக்கொள்கிறோம்.

பத்தொன்பது நாள், நிலத்தைக் கணினியில் சிறு கட்டங்களாய்ப் பிரிக்கும் கணக்கு வலையை நுணுக்கி நுணுக்கி இரு எல்லைகளையும் நெருக்கினீர்கள். மேலே நூற்றுநான்கு, கீழே நூற்றொன்று. மாதிரி அடித்தளத்தின்மேல் மணல் மூட்டைகளை ஏற்றிப் பார்த்தோம். நூற்றிரண்டாவது டன்னில் நிலம் வாய்பிளந்து, மூட்டைகள் சாய்ந்தன. அடியில் ஒருவரும் இல்லை! கணக்கு பலித்ததென்று எல்லோரும் கைதட்ட, நீங்கள் மட்டும் மண்மேட்டில் உட்கார்ந்து அழுதீர்கள். பிறகு கெட்டி நிலம்வரை ஆழக் குத்துத்தூண்கள் இறங்கின. நான்கு மாடிகளும் எழுந்தன. உங்கள் பேத்தி பிறந்ததும் அதன் மூன்றாம் மாடியில்தான்.

ஓய்வுக்குப்பின் என்ன திட்டம் என்று நேற்றுக் கேட்டோம். "அலாரம் இல்லாம தூங்கணும்ப்பா" என்றீர்கள்.

தூங்குங்கள் தாயே! போதுமென்னும்வரை தூங்கி, பசித்தபோது எழுந்து, பேத்தியோடு பேசிச் சிரித்து, நோயறியா உடலும் நிறைந்த உள்ளமுமாய் நெடுங்காலம் வாழ்வீர்களாக!

நன்றியும் நாணமும் ஒருங்கே கொண்ட,
கணிப்புக் கூடத்துப் பணியாளர்கள்