ரைட்ரைட் ஐயா ஆன்லைனில் இருக்கிறார்

நீங்கள் கடைசியாக எப்போது ஒரு கேமை முழுசாக விளையாடி முடித்தீர்கள்? யோசித்துப் பாருங்கள், ஞாபகம் வராது. அது உங்கள் தப்பில்லை. முடிகிற கேமை இப்போது யாரும் செய்வதில்லை. முன்பெல்லாம் கடைசி வில்லன் செத்ததும் வேலை பார்த்தவர்கள் பெயரெல்லாம் திரையில் ஓடும், நாமும் எழுந்துபோய்க் கை கழுவிச் சாப்பிடுவோம். இப்போது சீசன் என்கிறார்கள். ஒன்று முடியும் முன்பே அடுத்ததற்குக் காசு கேட்கிறார்கள். அரைவேக்காட்டில் இறக்கிவிட்டு, முதலில் ருசி பார்க்கும் பாக்கியம் உங்களுக்குத்தான் என்கிறார்கள். பழைய கேமுக்கு இஸ்திரி போட்டுப் புதுச் சட்டை என்று விற்கிறார்கள். நான் ஹோட்டல் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவன். இஸ்திரியால் எது மாறும், எது மாறாது என்று எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் கேமர்கள் கூடும் ஒரு தளத்தில் எழுதிவந்தேன். யாரும் படித்ததாகத் தெரியவில்லை. நேரில் சொல்ல ஒரே ஒருவன்தான் இருந்தான், என் ரூம்மேட். லிப்ட் மெக்கானிக். பிழைக்க வந்த ஊரில் எங்கள் இருவருக்கும் ஒரு அறை, இரண்டு கட்டில், எதிர்க் கட்டிடத்தின் ஏசி பெட்டிகளைப் பார்த்தபடி ஒரு ஜன்னல்.

"மச்சான், பெரிய கம்பெனி போய்ச் சின்ன ஸ்டூடியோவை எதுக்கு வாங்குறான் தெரியுமா?"

"எதுக்கு?"

"மூடுறதுக்கு."

"நீ முதல்ல வாயை மூடு. எனக்குக் காலைல டூட்டி."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. வாயை மூடச் சொல்லவாவது ஒரு ஆள் வேண்டும் இல்லையா.

பிறகு ஒருநாள் ஊருக்கே திரும்பிவிடப் போகிறேன் என்றான். அவன் மனைவியின் அண்ணன் அங்கே ஒரு அடுக்குமாடியில் லிப்ட் பராமரிப்பு வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். மேனேஜர் போனில் இரண்டு வார்த்தை பேசினால் போதும், வேலை உறுதி.

"பொண்ணு என்னை அப்பான்னு கூப்பிட மாட்டேங்குறாடா. போன் அப்பாங்குறா. இனிமே தாங்காது."

"சந்தோஷம்டா" என்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்புறம் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே யோசித்தேன். ஒரு ஆள் கேமை விட்டுப் போகப் போகிறான் என்பது அவனுக்கு முன்னால் கம்பெனிக்குத் தெரிந்துவிடும். அவர்கள் அவனைத் திட்டுவதில்லை, கையைப் பிடித்து இழுப்பதில்லை. ஒரு பரிசை அனுப்புவார்கள். அவனிடம் தோற்கிற ஒருவனைக் கொண்டுவந்து எதிரே உட்கார வைப்பார்கள். அதிலும் மேலான தந்திரம் ஒன்று உண்டு. கேமுக்காக யாரும் தங்குவதில்லை, நாம் போனால் இன்னொருத்தர் தனியாகிவிடுவாரே என்றுதான் தங்குகிறார்கள். இந்தத் தந்திரத்தைத் திட்டி நான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். கையாண்டு பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

அப்படித்தான், அவன் ராத்திரிகளில் போனில் விளையாடும் கேமுக்குள் ரைட்ரைட் ஐயா பிறந்தார். ஊர்ப்பக்கம் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மனைவி இல்லை, மகன்கள் எங்கெங்கோ. மைக்கில் பேசக் கூச்சம், டைப் மட்டும் அடிப்பார். டிரையர்களுக்குப் பின்னால் நின்று என் போனில் அவராக விளையாடினேன். முதல் நாளே பள்ளத்தில் விழுந்தார். லிப்ட் மெக்கானிக் குதித்துக் காப்பாற்றினான்.

"படிக்கட்டுல தொங்குனவனை உள்ளே ஏத்திட்டீங்க தம்பி. நல்லா இருப்பீங்க" என்று அடித்தேன்.

அன்று அறைக்கு வந்தபோது அவன் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு தினமும் "ஐயா சாப்டீங்களா? பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டான். பிரஷர் நான் சேர்த்தது. ஒரே அறையில் இத்தனை காலம் இருந்தும் நான் சாப்பிட்டேனா என்று அவன் கேட்டதில்லை. குறையாகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

ஒரே ஒரு தடவை சறுக்கினேன். பெரிய கம்பெனி சின்ன ஸ்டூடியோவை வாங்குவதைப் பற்றி ஐயாவும் என் வார்த்தையிலேயே எழுதிவிட்டார். அழிக்கப் போனேன், அதற்குள் பதில் வந்தது:

"என் ரூம்மேட்டும் இதையேதான் சொல்வான் ஐயா. ஆனா நீங்க சொன்னாத்தான் கேக்கணும்னு தோணுது."

மேனேஜர் ஞாயிறு மதியம் கூப்பிடுவதாக ஏற்பாடு. சந்தாவை ரத்து செய்யும் பட்டனை எந்தக் கம்பெனியும் எடுத்துவிடுவதில்லை. எடுத்தால் வழக்கு வரும். நாலு பக்கம் உள்ளே தள்ளிச் சாம்பல் நிறம் பூசிவிடுவார்கள். நானும் எதையும் எடுக்கவில்லை. அவன் குளிக்கப் போன நேரத்தில் மேனேஜர் நம்பரை மட்டும் பிளாக்கில் போட்டேன். அவன் போனுக்கு அப்டேட், பாஸ்வேர்டு எல்லாமே நான்தான்.

ஞாயிறு சலவைச் சட்டை போட்டுத் தலைவாரி உட்கார்ந்திருந்தான், வெறும் குரல் அழைப்புக்கு. நான் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனேன். ஐயா ஆன்லைனுக்கு வந்தார்.

"டென்ஷனா இருப்பீங்க தம்பி. கால் வர்ற வரைக்கும் ஒரு ட்ரிப் அடிப்போமா?"

சாயங்காலம் வரை அடித்தார்கள். ஐயா வாழ்க்கையிலேயே அன்றுதான் நன்றாக விளையாடினார்.

நான் துணியோடு கீழே வந்தபோது அவன் மனைவி போனில் இருந்தாள். ஸ்பீக்கர் தேவைப்படவில்லை, அப்படியே கேட்டது.

"எத்தனை தடவை அடிச்சிருக்காங்க தெரியுமா? அண்ணன் மானமே போச்சு. வேற ஆளை எடுத்துட்டாங்க."

"போனே வரலடி. பாப்பா மேல சத்தியமா."

"பச்சைப் புள்ளி எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, நான் பாத்தேன். விளையாடிக்கிட்டு இருந்துட்டு, பாப்பா மேல சத்தியம் வேற."

போனை என்னிடம் நீட்டினான். "என்னன்னு பாருடா."

பிளாக்கை எடுத்துவிட்டு, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன்.

"செட்டிங்ஸ் எல்லாம் சரியா இருக்கு மச்சான். கோளாறு அவங்க பக்கம்தான்."

எல்லாக் கம்பெனியும் சொல்கிற பதில்தான். நம்பினான். கம்பெனிகளுக்கும் எனக்கும் வித்தியாசம் இங்கேதான். அவர்களை யாரும் நம்புவதில்லை.

அவன் அழுதது என்னிடம் இல்லை, ஐயாவிடம். மறுபடி மாடிக்குப் போய்க் வெறும் துணிக்கொடிகளுக்கு நடுவே நின்று, "டிப்போல வண்டிக்கா பஞ்சம்? அடுத்தது வரும் தம்பி" என்று அடித்தேன். மனதிலிருந்து வந்த வார்த்தைதான். அந்த வாரமே இங்கேயே இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டான். யோசித்துப் பார்த்தால் எல்லாருக்கும் நல்லதுதான். அங்கே சம்பளம் கம்மி. ஐயாவுக்கும் ஒரு துணை ஆயிற்று.

ஆனால் கையெழுத்துப் போட்டவர்களுக்கு அவன் லிப்ட் கம்பெனி தனி அறை கொடுக்கும் என்பது எனக்குத் தெரியாது.

"அங்க நிம்மதியா ஐயாகூட விளையாடலாம்டா" என்றான், பெட்டி கட்டிக்கொண்டே. "உன் லெக்சர் இருக்காது பாரு."

அவன் சட்டைகளை நான்தான் மடித்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலை வேன் வந்தது, போய்விட்டான். வேன் தெருமுனை திரும்பியதும் ஐயாவுக்கு மெசேஜ் வந்தது. "அன்னிக்கு போன் அடிக்கலன்னு நீங்கதான் ஐயா சாட்சி. உங்க வாயால கேட்டா அவ நம்புவா. பாப்பாவைக் கூட்டிக்கிட்டு உங்களைப் பாக்க வர்றா. அட்ரஸ் அனுப்புங்க."

யாருடையது என்று எனக்கே தெரியாத ஒரு அட்ரஸ் அனுப்பினேன்.