நடுவர் கையில் பத்து மதிப்பெண்

நவம்பர் 16, சனி.

இன்றைய தவறு: காலையில் லீக் பக்கத்தில் வெளியிட்ட எண் பட்டியலில் ஒன்பதாவது ஆட்டக்காரருக்கு அரைப் புள்ளி குறைத்துக் கூட்டியிருந்தேன். இடம் மாறவில்லை என்பதால் யாரும் கவனிக்கவில்லை. வழக்கமாக இப்படிப்பட்டதைப் பிடித்து எனக்குச் செய்தி அனுப்புகிறவர் இந்த வாரம் பட்டியலைப் பார்க்கவில்லை. நானே கண்டுபிடித்துத் திருத்தினேன்.

மேடம், செய்முறைக் குறிப்பை எப்படி எழுதவேண்டும் என்று மாலை வகுப்பின் முதல் நாளிலேயே சொன்னீர்கள். தொடக்கத்தில் அன்றைய தவறு, முடிவில் மறுநாள் வேலை, நடுவில் நடந்தது நடந்தபடி. நடுப்பகுதியை இதுவரை சுருக்கமாகவே எழுதிவந்தேன். பருவ முடிவில் நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்பதால் இன்று விரிவாக எழுதுகிறேன். மறைப்பதற்கு எதுவும் இல்லை. நீங்கள் கேட்காததால் சொல்லாமல் விட்டது கொஞ்சம் இருக்கிறது.

எங்கள் லீக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது அமெரிக்கக் கால்பந்து லீக். எங்களில் யாரும் அந்தப் பந்தைத் தொட்டதுகூட இல்லை. ஆட்டம் முழுவதும் கணினிக்குள் நடக்கிறது. அக்காவின் கணவர், என் அத்தான், பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் குளிர்பதனக் கிடங்கில் நான்கைந்து பேர் பொழுதுபோக்காகத் தொடங்கினார்கள். இப்போது இருபது பேருக்கு மேல் இருக்கிறோம். ஆளுக்கொரு ஆட்டக்காரரை உருவாக்கி, பெயர் வைத்து வளர்க்கவேண்டும். வெள்ளிக்கிழமை மாலை மென்பொருள் ஆட்டத்தை ஓட்டும். பச்சைத் திரையில் புள்ளிகள் ஓடும், மோதும், விழும். அத்தானின் ஆட்டக்காரர் பெயர் இடி. பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு எதிரணிக்குள் புகுந்து ஓடுவது இடியின் வேலை. கிடங்கு ஸ்டோர்கீப்பரின் ஆள் நெட்டை, பந்தை எறிகிறவர்.

"கையால தூக்கிட்டு ஓடுற ஆட்டத்துக்குக் கால்பந்துன்னு பேர் வச்சானே, முதல்ல அவன பிடிச்சு விசாரிக்கணும்" என்பாள் அக்கா. அவள் பள்ளி வேன் ஓட்டுகிறாள். சின்னப் பிள்ளைகளோடு பழகுவதால் எல்லாவற்றுக்கும் விசாரணை வைப்பாள்.

ஆட்டக்காரரை வளர்ப்பது இப்படி: தினமும் ஒரு பயிற்சிக் குறிப்பு எழுதி அனுப்பவேண்டும். இன்று எவ்வளவு தூரம் ஓடவிட்டேன், எந்தத் தோளில் வலு ஏற்றினேன் என்று கற்பனையாக எழுதலாம். நீளத்துக்கு ஏற்ப இடிக்கோ நெட்டைக்கோ பலம் கூடும். விடிவதற்கு முன் அனுப்பினால் இரட்டிப்பு. எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் வைத்த சலுகை அது.

நடுவர் நான்தான், என் வேலை வரிசைப்படுத்துவது. சனிக்கிழமை எண்களைப் போடுவேன். ஓடிய கெஜங்கள், எடுத்த புள்ளிகள், பந்தை நழுவவிட்ட தடவைகள். இவற்றுக்குத் தொண்ணூறு. அதில் பிழை இருந்தால் யாரும் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை நடுவர் மதிப்பெண் பத்தைச் சேர்த்து முதல் பத்துப் பேரை அறிவிப்பேன். எண்ணுக்குத் தெரியாதது கண்ணுக்குத் தெரியும் என்று லீக்கில் எல்லோரும் சேர்ந்து வைத்த விதி. அந்தப் பத்தை யாருக்கு எப்படிப் பிரித்தேன் என்று கேட்கக்கூடாது என்பதும் விதிதான். நான் எந்த விதியையும் மீறவில்லை என்பதை இங்கேயே எழுதிவைக்கிறேன்.

பருவ முடிவில் முதலிடத்தில் இருப்பவரின் பெயர் லீக்கின் நிரந்தரப் பலகையில் ஏறும். அத்தான் ஒருமுறைகூட ஏறியதில்லை. ஸ்டோர்கீப்பர் இரண்டு முறை ஏறிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் அதைச் சொல்லிச் சொல்லியே அவரை வறுத்தெடுப்பாராம். இந்தப் பருவம் எப்படியும் ஏறிவிடுவது என்று அத்தான் முடிவு செய்திருந்தார்.

மூன்றாம் வாரம் என் கை தவறியது. நடுவர் மதிப்பெண் போடும்போது ஒரு வரி தள்ளிப் போட்டுவிட்டேன். இடிக்கு உரியது நெட்டைக்குப் போயிற்று. இடி இரண்டாம் இடத்துக்கு இறங்கியது.

"என்ன நடுவரம்மா, என் இடி உன் கண்ணுல விழலையா? வா, கண்ணாடிக் கடைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார் அத்தான் சிரித்துக்கொண்டே.

தவறு எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. திருத்த உட்கார்ந்தேன். அதற்குள் அவர் விடியுமுன் எழுந்து, சமையலறை மேசையில் உட்கார்ந்து நீளமான குறிப்பு எழுதி அனுப்பியிருந்தார். திருத்தத்தை ஒரு வாரம் தள்ளிவைத்தேன். அடுத்த ஆட்டத்தில் இடி ஓடிய தூரம் அதுவரை யாரும் ஓடாதது. திருத்தத்தை ஒரு வாரம் தள்ளிவைத்தேன்.

அந்த வாரம்தான் நீங்கள் செய்முறை வேலையைக் கொடுத்தீர்கள். ஒரு காரணத்தை மாற்றி ஒரு விளைவை அளக்கவேண்டும். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்த நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என் பக்கத்தில் உட்காரும் தையல்காரர், நூலில் எடை கட்டித் தொங்கவிட்டு எந்த எடைக்கு அறுகிறது என்று பார்க்கப்போவதாகச் சொன்னார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என்னால் எதையும் சொந்தமாக யோசிக்க முடியாது என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். சமையலறையில் அத்தானின் குறிப்புத்தாள்கள் கிடந்தன. அனுப்புவதற்கு முன் தாளில் எழுதிப் பார்ப்பது அவர் பழக்கம்.

அவரைத் துன்பப்படுத்த வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. அப்பா போன பிறகு என்னைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டவர். மாலை வகுப்பில் சேரச் சொன்னதும் அவர்தான். "கணக்கு வராதுன்னு நீயே சொல்லிட்டுத் திரிஞ்சா எப்படி வரும்? போய் உக்காரு, வந்துடும்" என்றார். அவரிடம் எனக்கு இருந்தது நன்றி மட்டுமே. அதோடு, அவர் எங்கள் வீட்டிலேயே இருந்ததால் அளப்பது சுலபமாக இருந்தது.

ஒரு வாரம் நடந்தது தற்செயலாக இருக்கலாம் என்ற சந்தேகம் எனக்கு. அதனால் ஐந்தாம் வாரம் அவரை முதலிடத்தில் போட்டுப் பார்த்தேன். எண்களும் அதைத்தான் சொல்லின. அந்த வாரம் அவர் நன்றாகத் தூங்கினார், குறிப்புகள் சுருங்கின, இடி சாதாரணமாக ஓடியது. ஏழாம் வாரம் நான்காம் இடத்துக்கு இறக்கினேன்.

"போதும்மா, நமக்கு இது சரிப்படாது. விட்டுடறேன்" என்றார். முகம் வாடியிருந்தது. நான்காம் இடம் அதிகம் என்று புரிந்தது. மறுவாரம் இரண்டாம் இடம், நெட்டைக்கும் இடிக்கும் அரைப் புள்ளி வித்தியாசம். அதுதான் சரியான அளவு. எட்டிவிடலாம் என்று தோன்றவேண்டும், எட்டக்கூடாது. அதன்பின் நான் அளவை மாற்றவில்லை.

என் அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டால் நேரத்தைக் குறித்துக்கொள்வேன். அவருக்கு இரண்டாவது ஷிப்ட். வீடு திரும்பிச் சாப்பிட்டுப் படுக்கவே வெகுநேரமாகும். நாற்காலி இழுபடும் நேரம் வாராவாரம் முன்னால் வந்தது. தேநீரில் சர்க்கரைக்குப் பதில் உப்பு போட்டார். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு அதன்மேல் சாய்ந்தபடியே தூங்கினார். இதையெல்லாம் 'மற்றவை' என்ற பத்தியில் எழுதினேன்.

"ஏண்டி, உங்க அத்தான் மூஞ்சியப் பாத்தியா? பேய் அறைஞ்ச மாதிரி இருக்காரு" என்றாள் அக்கா ஒருநாள். "நான் சொன்னா ஏறாது. நடுவரம்மா சொன்னா கேப்பாரு. தூங்கச் சொல்லு."

"சொல்றேன்க்கா" என்றேன்.

சொல்லவில்லை. ஒரே சமயத்தில் இரண்டு காரணங்களை மாற்றினால் எதனால் எது நடந்தது என்று தெரியாமல் போகும் என்பது உங்கள் பாடம்.

பத்தாம் வாரம் அவரே என்னிடம் வந்தார். கை கழுவும் தொட்டியருகில் நின்றுகொண்டு தணிந்த குரலில் சொன்னார். "நேத்து ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும்போதே கண்ணு சொக்கிடுச்சு. ஒரு பெட்டி அடுக்குல லேசா இடிச்சிட்டேன். யாருக்கும் ஒண்ணும் ஆகல. உங்கக்கா காதுல போட்டுடாத, வீட்டையே ரெண்டாக்கிடுவா."

"போடமாட்டேன் அத்தான்."

"இன்னும் அஞ்சு வாரம்தானே. இந்தத் தடவ எப்படியும் ஏறிடுவேன் இல்ல?"

"அரைப் புள்ளிதான் குறையுது" என்றேன். அது உண்மை. அக்காவிடமும் சொல்லவில்லை. கொடுத்த வாக்கை நான் மீறுகிறவள் இல்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடியும் நேரத்தில் அவர் ஓட்டிய ஃபோர்க்லிஃப்ட், உயரமான அடுக்கின் தூணில் நேராகப் போய் மோதியது. அடுக்கு சரிந்தது. மேல் தட்டில் உறைந்த மீன் பெட்டிகள் இருந்தன. கிடங்கிலிருந்து ஸ்டோர்கீப்பர்தான் எங்களைக் கூப்பிட்டார். அத்தானுக்குத் தலையில் அடி. இன்றுவரை கண் திறக்கவில்லை.

வியாழக்கிழமை கிடங்கின் விபத்து அதிகாரி வீட்டுக்கு வந்தார். கடைசி வாரங்களில் சரியாகத் தூங்கினாரா என்று கேட்டார். இல்லை என்றேன். ஏதாவது கவலையா என்று கேட்டார். ஒரு விளையாட்டில் மும்முரமாக இருந்தார் என்றேன். அவர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். கேட்ட எதற்கும் நான் பொய் சொல்லவில்லை.

நேற்று மருத்துவமனையில் அக்காவோடு நின்றேன். அவருடைய கை போர்வைக்கு வெளியே இருந்தது. பெருவிரலில் பேனா மை இன்னும் போகவில்லை.

"காது கேக்குமாம். டாக்டர் சொன்னாரு, பேசிட்டே இருக்கணுமாம்" என்றாள் அக்கா. "நீ சொல்லேன். முதல் இடத்துக்கு வந்துட்டீங்கன்னு சொல்லு. நீ சொன்னா நம்புவாரு."

குனிந்து அவர் காதருகில், "ரெண்டாவது இடம், அத்தான். அரைப் புள்ளி" என்றேன்.

அக்கா என்னையே பார்த்தாள். நான் கல் நெஞ்சுக்காரி என்று நினைத்திருக்கலாம். ஆனால் யோசித்துத்தான் சொன்னேன். முதலிடம் என்றால் அவர் நிம்மதியாகத் தூங்கிவிடுவார், அதை ஐந்தாம் வாரமே பார்த்தேன். இரண்டாம் இடம்தான் அவரை எப்போதும் எழுப்பியிருக்கிறது.

வெளியே நடைவழியில், இருக்கைகள் வரிசையாகப் போடப்பட்டிருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு அக்கா தன் கைப்பேசியைக் காட்டினாள். அத்தானின் கணக்குக்குள் போயிருந்தாள். புதன்கிழமையிலிருந்து இடிக்கான பயிற்சிக் குறிப்பை அவள்தான் எழுதுகிறாளாம்.

"எனக்கு இந்த எழவு ஆட்டத்துல ஒரு எழவும் புரியல" என்றாள். "ஆனா அவர் கண்ணு முழிக்கும்போது பலகையில பேரு இருக்கணும். அத அவர் மூஞ்சிக்கு நேரா நீட்டணும். அவ்வளவுதான்டி எனக்கு. காலைல வேன் எடுக்கறதுக்கு முன்னாடி எழுதிடறேன். நீளமா எழுதினா நல்லதுதானே?"

"விடியறதுக்கு முன்னாடி அனுப்பினா இரட்டிப்பு" என்றேன். அவள் கேட்டாள், சொன்னேன்.

"அப்ப இன்னும் சீக்கிரம் எந்திரிக்கிறேன். இங்க உக்காந்துட்டே முழிச்சுத்தானே கெடக்கேன்." கண்ணைக் கசக்கிக்கொண்டாள். "பிள்ளைங்க என்னைய 'தூங்குமூஞ்சி ஆன்ட்டி'ங்குதுங்க. நேத்து சிக்னல்ல பச்ச விழுந்ததே தெரியல. பின்னாடி உக்காந்திருந்த வாண்டு தட்டி எழுப்புது."

இரவு வீட்டில் என் செய்முறை வேலையின் முதல் வரைவை எடுத்துப் பார்த்தேன். போன வாரம் நீங்கள் திருப்பிக் கொடுத்தது. வரைபடங்கள் தெளிவாக இருக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு முன் யாரும் என் கணக்கைப் பாராட்டியதில்லை. நான் அளந்தது திரையில் ஓடும் புள்ளியை என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அதன் கீழே சிவப்பு மையில் ஒரு வரி: 'ஒருவரை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர இயலாது. இரண்டாவது நபரிடமும் இதே விளைவு வருகிறதா என்று பார்க்கவும்.'

அந்த வரி என்னை மிகவும் தொந்தரவு செய்தது. உண்மைதான். அத்தான் இயல்பிலேயே பிடிவாதக்காரராக இருந்திருக்கலாம். அவருக்கு ஏற்கெனவே தூக்கக் குறைவு இருந்திருக்கலாம். அடுக்கின் தூண் பலவீனமாக இருந்திருக்கலாம். நான்தான் காரணம் என்று ஒரே ஒருவரை வைத்து எப்படிச் சொல்வது? அப்படிச் சொன்னால் அது அவசரம், படித்தவள் செய்கிற காரியம் இல்லை. என்மேல் குற்றம் இருந்தால் அது சரியாக நிரூபிக்கப்பட வேண்டும் என்றுதான் நான் விரும்புகிறேன். அக்காவுக்கும் அந்த நியாயம் கிடைக்கவேண்டும்.

இந்த வார எண்களின்படி இடி முதலிடத்தில் இருக்கிறது. அக்காவின் குறிப்புகள் நீளமானவை. நெட்டையைவிட மூன்று புள்ளிகள் அதிகம். என் கையில் பத்து இருக்கிறது.

நாளைய வேலை: பன்னிரண்டாம் வார முதல் பத்துப் பேரை அறிவிக்கவேண்டும். நெட்டை முதலிடம். இடி இரண்டாமிடம், அரைப் புள்ளி வித்தியாசம். அக்காவின் பெயருக்குப் புதுப் பக்கம் தொடங்கிக் கோடு போடவேண்டும். போன தடவை இடம் போதவில்லை, 'மற்றவை' பத்தியைக் கொஞ்சம் அகலமாகப் போடவேண்டும். திங்கட்கிழமை பள்ளி உண்டு, அக்கா வேன் எடுப்பாள்.